வலது பக்கம் தட்டிப் பாருங்கள்

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டால், பிறகு சொல்வதெல்லாம் சுலபமாக விளங்கும். உங்கள் அறிக்கையில் மண்டபத்தின் நீள அகலம் இருக்கிறது, மின் இணைப்பின் விவரம் இருக்கிறது, நாற்காலிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

டேக்வாண்டோ ஆடும் விரிப்பின் மூன்று மூலைகளில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் மூலை நடுவர்கள், ஆளுக்கொரு பொத்தான் பெட்டியோடு. ஒரு பக்கமாக நீளமான மேசை. அதன் ஒரு கோடியில் ஸ்கோர் கணினியை இயக்கும் பெண்மணி, கம்ப்யூட்டரம்மா என்று கூப்பிடுவோம். மறு கோடியில் மறுபார்வைத் திரையும் நானும். எங்களுக்கு நடுவில் போட்டி மருத்துவர். அவர் பல் டாக்டர். அன்றைக்கு யாருடைய பல்லுக்கும் எதுவும் ஆகவில்லை என்பதை அவர் சார்பில் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

நீல மூலையில் பயிற்சியாளர் நாற்காலியில் என் தம்பி. சிவப்பு மூலையில் பீரங்கி. அது அவருடைய குரலுக்காக வைத்த பெயர். நடுவில் டிரில் மாஸ்டர் நின்றார், அவர்தான் ஆட்டத்தை நடத்தும் நடுவர். உட்காராதவர்கள் இன்னும் இரண்டு பேர். சிவப்பில் நெட்டை. நீலத்தில் என் தம்பி மகள். காலைத் தூக்கினால் வளர்ந்த ஆளின் உச்சந்தலையைத் தொடும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் இன்னமும் பாப்பா என்றுதான் பெயர்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே, சுவரில், ஸ்கோர் திரை. அதற்கு நாற்காலி போடவில்லை. போட்டிருக்கலாம், அன்றைய தலைமை விருந்தினர் அதுதான்.

இனி என்னைப் பற்றி. நான் மூலை நடுவராகத் தொடங்கிய காலத்தில் காகிதமும் பென்சிலும்தான். உதை விழும், சத்தம் கேட்கும், அடி வாங்கியவன் நகர்வான், நாங்கள் குறிப்போம். எங்களைத் திட்டாத பெற்றோர் கிடையாது. "கண்ணு எங்க சார் வெச்சிருக்கீங்க" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் ஒரு மரியாதை இருந்தது. கண் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள் பாருங்கள்.

அப்புறம் மெஷின் வந்தது. காலுறையில் காந்தம், மார்புக் கவசத்தில் சென்சார், தலைக்கவசத்தில் அடியின் பலத்தை அளக்கும் இன்னொரு சென்சார். காந்தம் பட்டால் போதும், பாயிண்ட் விழும் என்று தெரிந்ததும் பிள்ளைகள் உதைப்பதை விட்டுவிட்டார்கள். முன்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அமுக்குவதுபோல் எதிராளியின் மார்பை அமுக்கினார்கள். இரண்டு கொக்குகள் ஒன்றையொன்று தடவிப் பார்ப்பதைக் காண மக்கள் டிக்கெட் வாங்கினார்கள். அதைச் சரிசெய்ய ஒரு விதி வந்தது: காலைத் தூக்கியே வைத்திருந்தால் தண்டனைப் புள்ளி. உடனே பிள்ளைகள் உதைத்த கையோடு விழக் கற்றுக்கொண்டார்கள். விழுந்தால் தண்டனை என்று ஒரு விதி. கோட்டைத் தாண்டி ஓடினார்கள். அதற்கொரு விதி. கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகுப்பக்கமாகத் தட்டினார்கள். அதற்கும் ஒன்று. எங்கள் விதிப்புத்தகம் மாதிரி வருஷா வருஷம் பதிப்பு மாறுவது பள்ளிக்கூடப் பாடநூல்கூட இல்லை. மெஷினை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது தப்பு செய்யாது என்பது புத்தகத்தில் எழுதாத முதல் விதி.

எங்களுக்கு மிஞ்சியது குத்து. கையால் குத்தினால் மெஷினுக்குத் தெரியாது, அதை மட்டும் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்று பொத்தான் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஆண்டு விழாச் சாப்பாட்டில் சங்கச் செயலாளர் என் தோளில் கைபோட்டு, "இனிமே கண்ணு தெரியாதவங்களையும் ஜட்ஜா உக்கார வெக்கலாம்ணே, என்ன சொல்றீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை.

நான் எழுதுகிற ஆள். பொருள், பார்வை, கீழே கையெழுத்து என்று சின்ன ஊர்ப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே உங்கள் விதிக்குழுவுக்குப் பலமுறை எழுதினேன். மெஷினைப் பார்க்கப் பழகிய கண் மனிதரைப் பார்க்க மறந்துவிடும் என்று எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது. நன்றி, பரிசீலிக்கப்படும் என்றிருந்தது. அதில் என் பெயருக்கு முன்னால் திருமதி என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் சங்கம் சின்னது, ஆளுக்கு இரண்டு வேலை. எனக்கு மறுபார்வை மேசையோடு, கவசங்கள் வைக்கும் அறையும் பொறுப்பு. அங்கேதான் அந்த நீலத் தலைக்கவசம் கிடைத்தது.

இது கொஞ்சம் நுட்பமான விஷயம். உங்கள் நிபுணருக்கும் விளங்காத விஷயம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன்னால் தலைக்கவசத்தைச் சோதிப்பது எப்படி? நடுவர் போட்டியாளரின் எதிரில் நிற்பார், உள்ளங்கையால் கவசத்தில் ஒரு தட்டுத் தட்டுவார், கணினியில் வெளிச்சம் வந்தால் கம்ப்யூட்டரம்மா கட்டைவிரலைக் காட்டுவார். ஒரே தட்டு. எதிரில் நிற்பவர் வலது கையால் தட்டினால் அது எங்கே படும்? போட்டியாளரின் இடது பக்கம். எங்கள் சங்கத்தில் தட்டிப் பார்க்கும் நடுவர்கள் எல்லோரும் வலதுகைக்காரர்கள். ஆகவே இத்தனை வருஷத்தில் எந்தத் தலைக்கவசத்தின் வலது பக்கத்தையும் யாரும் தட்டியதே இல்லை.

நான் இடதுகைக்காரன். எழுதுவது மட்டும் வலதில், அது பள்ளிக்கூடத்துப் பிரம்பின் உபயம். மற்றதெல்லாம் இடதில்தான். அறையில் கவசங்களைத் துடைத்து, தட்டிப் பார்த்து அடுக்கும்போது இந்த நீலத்தின் வலது பக்கம் பேசவில்லை. மறுபடி தட்டினேன். முஷ்டியால் குத்தினேன். கணினி சும்மா இருந்தது. இடது பக்கம் லேசாகத் தொட்டதும் பளிச்சென்று வெளிச்சம். அதற்குச் செவிடு என்று பெயர் வைத்தேன். உள்ளே, வலது காது மடிப்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து, தனி அலமாரியில் எடுத்துவைத்தேன்.

ஏன் புகார் எழுதவில்லை என்று கேட்பீர்கள். எழுதினால் ஒரு கவசத்தை மாற்றுவீர்கள். மெஷின் நல்லது, அந்த ஒன்றுதான் கெட்டது என்பீர்கள். நன்றி, பரிசீலிக்கப்பட்டது. எனக்குத் தேவைப்பட்டது எல்லோரும் பார்க்கிற இடத்தில், வீடியோ ஓடுகிற நேரத்தில், மறுக்க முடியாத ஒரு நிரூபணம். ஆகவே இறுதிப் போட்டிக்காகக் காத்திருந்தேன். ஜூனியர் பிள்ளைகளின் ஆட்டங்களில் அதை வெளியே எடுக்கவேயில்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அப்படிச் செய்ய நான் என்ன கல்நெஞ்சனா?

அரையிறுதிகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தன. நீலத்தில் பாப்பா வந்தாள். சிவப்பில் நெட்டை வந்தாள். நெட்டைக்கு இடது கால்தான் பலம், என் இனம். எதிரில் நிற்பவளின் இடது கால் எந்தப் பக்கம் படும் என்பதை இப்போது உங்களாலேயே சொல்ல முடியும்.

சாப்பாட்டு நேரத்தில் கவச மேசையில் நான் மட்டும் இருந்தேன். காலையிலிருந்து ஓடிய நல்ல நீலக் கவசம் மேசையில் இருந்தது. செவிடு என் பையில் இருந்தது. நான் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். நன்றாகவே யோசித்தேன். வேறு யாராவது பெண் என்றால் மாற்றியிருப்பேன் அல்லவா? அப்படியிருக்க, என் தம்பி மகள் என்பதற்காக மாற்றாமல் விட்டால் அதற்குப் பெயர் என்ன? பாரபட்சம். இருபது வருஷத்துக்கு மேல் நடுவராக இருந்தவன் நான். அந்த ஒரு வார்த்தையை என்மீது யாரும் சொன்னதில்லை. மாற்றிவைத்தேன்.

தம்பி கை கழுவிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, பாப்பாவுக்கு ஹெட்கார்டு கொஞ்சம் லூசா இருக்குங்கிறா. பாத்துக் குடு."

"பட்டையை இழுத்துக் கட்டு. சரியாயிடும்."

"எல்லாம் நல்லா வேலை செய்யுதுல்ல?"

"மாஸ்டர் தட்டிப் பாத்துட்டுத்தான்டா விடுவாரு."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. டிரில் மாஸ்டர் தட்டிப் பார்த்தார். வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டரம்மா கட்டைவிரலைக் காட்டினார்.

முதல் சுற்று பாப்பாவுக்கு, இரண்டாவது நெட்டைக்கு. இரண்டிலும் தலைக்கு எதுவும் வரவில்லை, எனக்கே கொஞ்சம் சலிப்பாக இருந்தது. மூன்றாவதில் பாப்பா நான்குக்கு இரண்டு என்று முந்தினாள். பின்தங்கியவளுக்கு வழி ஒன்றுதான், தலை உதைக்கு மூன்று பாயிண்ட். நெட்டையின் இடது கால் எழும்பியது. பாப்பாவின் வலது பொட்டில் சுத்தமாக விழுந்தது. பென்சில் காலத்தில் மூன்று மூலையும் ஒரே நேரத்தில் குறித்திருக்கும்.

திரையில் ஒன்றும் வரவில்லை.

நெட்டை திரையைப் பார்த்தாள். பீரங்கி திரையைப் பார்த்தார். "பத்தலடி. மெஷினுக்கு இது பத்தாது. இன்னும் இறக்கிப் போடு" என்று முழங்கினார். அவள் நல்ல பெண், சொல்பேச்சுக் கேட்பவள். இரண்டாவது உதையை இன்னும் இறக்கிப் போட்டாள். பாப்பாவின் பல்கவசம் பாதி வெளியே வந்தது. பல் டாக்டர் அதைப் பார்த்திருந்தால் அவருடைய துறை என்று எழுந்திருப்பார், அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா தம்பியைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"ஒண்ணும் படல பாப்பா" என்றான் தம்பி. "போர்டைப் பாரு, ஒண்ணுமே விழல. நீதான் மேல இருக்கே. நில்லு."

பெற்ற அப்பன். ஆறடி தூரத்தில் மகளின் முகம். அவன் தலையை நிமிர்த்தி எண்களைப் படித்துக்கொண்டிருந்தான். நான் எழுதிய கடிதங்களில் இதைத்தான் சொல்லியிருந்தேன். இவ்வளவு தெளிவாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

மூன்றாவது உதையில் அவள் விழுந்தாள். டிரில் மாஸ்டர் ஓடிவந்து குனிந்தார், நிமிர்ந்தார், திரையைப் பார்த்தார். திரையில் உதை இல்லை. உதை இல்லாமல் விழுந்தால் அது என்ன? தண்டனைப் புள்ளி. கையை நீட்டி அவளுக்குத் தண்டனை கொடுத்தார், அந்தப் புள்ளி நெட்டைக்குப் போனது. நான்குக்கு மூன்று. அவள் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். கூட்டத்தில் யாரோ, "நடிக்குது சார் அது, டைம் ஓட்டுது" என்றார்கள். அந்த மண்டபத்தில் அந்த நிமிஷம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லாமல் விடவும் முடியவில்லை.

பீரங்கி எங்கள் மேசைப் பக்கம் கையை வீசி, மறுபார்வை அட்டையைத் தூக்கினார். தலை உதை திரையில் விழாவிட்டால் பயிற்சியாளர் அப்படிக் கேட்கலாம், வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மேசைக் கோடியில் இருப்பவர். அதாவது நான்.

ஓட்டினேன். மெதுவாக ஓட்டினேன். பாதத்தின் மேற்பக்கம் முழுசாகப் பொட்டில் பதிந்து, தலை தோள்வரை சாய்ந்து, கண் ஒரு கணம் வெள்ளையாகி, பிறகு முழங்கால் மடிவதுவரை எல்லாம் தெரிந்தது. என் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. மேலும் ஒருமுறை ஓட்டினேன், ரசிப்பதற்காக அல்ல, உறுதிக்காக.

நான் ஆம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெட்டைக்கு மூன்று பாயிண்ட். பாப்பாவுக்கு எட்டுவரை எண்ணுவார்கள், டாக்டர் வருவார், ஆட்டம் அங்கேயே நிற்கும். மெஷின் விட்டதை வீடியோ பிடித்தது, ஏற்பாடு பிரமாதம் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். நிரூபணம் என் கையாலேயே போயிருக்கும். ஒரு நல்ல கண் அந்த மெஷினை இன்னும் பத்து வருஷத்துக்குக் காப்பாற்றியிருக்கும்.

"படவில்லை" என்றேன்.

விதிப்படி பீரங்கியின் அட்டை பறிபோனது. இனி அவர் கேட்க முடியாது. நெட்டை நான்காவதாக ஒன்று போட்டாள். அதைப் பற்றி உங்கள் அறிக்கையின் இணைப்பில் ஆஸ்பத்திரி எழுதியிருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை பாப்பா விழவில்லை. விழுந்தால் தண்டனை என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவு நல்ல பயிற்சி. மணி அடித்தது. நான்குக்கு மூன்று. டிரில் மாஸ்டர் அவளுடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினார். அந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

பதக்கம் போட்டதும் என்னிடம் வந்தாள்.

"பெரியப்பா, யாரு ஜெயிச்சா?"

"நீதான்மா."

"மெஷின் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"அப்ப சரி" என்று சொல்லி உடை மாற்றும் அறைக்குப் போனாள். அங்கேதான் விழுந்தாள். பல் டாக்டர் முதல் ஆளாக ஓடினார், அதையும் பதிவு செய்கிறேன்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று நியாயமாகச் சொல்கிறேன். விசாரணை வரும், வீடியோவைப் பார்ப்பார்கள், தலைக்கவசத்தைச் சோதிப்பார்கள், குட்டு வெளிப்படும், மெஷின் போகும், கண் திரும்பி வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது உங்கள் அறிக்கை. ஐந்தாம் பக்கத்தில், அந்த உதைகள் பாயிண்ட் பெறும் அளவுக்குப் பலமுள்ளவை அல்ல என்று இருக்கிறது. ஆறாம் பக்கத்தில், நெட்டை அளவுக்கு மீறிய பலத்தோடு தாக்கினாள் என்று சொல்லித் தடை விதித்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு தாளைத்தான் புரட்ட வேண்டும். இரண்டையும் நீங்கள் ஒருவரே எழுதியிருக்கிறீர்கள். கருவி குறைபாடற்றது என்பதற்கு ஆதாரமாகப் படம் போட்டிருக்கிறீர்கள்: உங்கள் நிபுணர் எதிரில் நின்று, மோதிரம் போட்ட வலது கையால் கவசத்தைத் தட்டுகிறார். வெளிச்சம் எரிகிறது. அவர் சிரிக்கிறார்.

இந்தக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று என்றால் அந்தப் படம்தான் காரணம்.

தடை வந்த பிறகு நெட்டை எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள்.

"சார், பட்டுதுன்னு எனக்குத் தெரியும் சார். காலுக்குத் தெரியுமே. ஆனா போர்டுல வரல. அப்ப படலன்னு நெனச்சுட்டேன். நீங்களும் வீடியோ பாத்துட்டுப் படலன்னுதானே சொன்னீங்க."

"ஆமாம்மா."

"நீங்க சொன்னதுனாலதான் சார் நாலாவது..."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள். "இனிமே போர்டை நம்பாதேம்மா, உன்னோட காலை நம்பு" என்று சொல்லி அனுப்பினேன். அழுதுகொண்டே கும்பிட்டுவிட்டுப் போனாள். அவளுக்காகவும்தான் எழுதுகிறேன் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பாப்பா இப்போது நடக்கிறாள், பேசுகிறாள், பழைய பாட்டெல்லாம் நினைவிருக்கிறது. இடது பக்கம் மட்டும் அவளுக்கு இல்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறதாம். அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே மூளைக்குத் தோன்றாதாம். தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, போதும் என்று எழுந்துவிடுவாள். நான் தட்டைத் திருப்பிவைப்பேன். "அட, இன்னும் இருக்கா" என்று மறுபடி உட்கார்ந்து சாப்பிடுவாள். தம்பி அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய்விடுகிறான். அவனுக்கு எப்போதுமே பார்க்கும் பழக்கம் குறைவு. "நீ இல்லேன்னா இவ கதி என்னண்ணே" என்கிறான்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். தலைக்கவசம் செவிடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அதைப் பாப்பாவின் தலையில் ஏறவைத்தேன். உதை பட்டதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் படவில்லை என்றேன். இதில் எந்த வரியையும் நான் திரும்பப் பெறமாட்டேன். குற்றம் என்று நீங்கள் பெயர் வைத்தால் வையுங்கள், நான் சோதனை என்றுதான் எழுதுவேன். சோதனை வெற்றி. முடிவைப் படிக்கத்தான் ஆள் இல்லை. கவசம் உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது, காது மடிப்பில் வெள்ளைப் புள்ளியைத் தேடுங்கள். எதிரில் நிற்கும்போது உங்களுக்கு இடது கை வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன்.

இன்னொன்று. கண்ணால் பார்த்துப் புள்ளி போடும் நடுவர்களை மறுபடி அமர்த்துவது என்று குழு முடிவு செய்தால், என் பெயரைப் பரிசீலிக்கக் கோருகிறேன். பெயருக்கு முன்னால் திரு.

கடிதத்தை மடிக்க வேண்டும். பாப்பா செருப்புப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள், தபால் போடும் வேலை அவளுடையது, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். "பெரியப்பா, பசை எங்க?" என்று தேடினாள். அவளுக்கு இடது பக்கம் இருந்தது. எடுத்து வலது பக்கம் வைத்தேன். "இவ்வளவு பெரிய லெட்டரா, யாருக்கு, என்ன எழுதிருக்கீங்க" என்றாள். உன்னைப் பற்றித்தான் என்றேன். "நல்லதா?" என்றாள். உள்ளதை எழுதியிருக்கிறேன் என்றேன்.

தபால் பெட்டி தெருவுக்கு எதிர்ப்பக்கம், போகும்போது அவளுக்கு இடதுபுறமாக வரும். அதனால் தெருமுனைவரை போய்த் திரும்பி வா, அப்போது வலதில் தெரியும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நடுவில் ஒரு இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும், அங்கே பாதி தாண்டியதும் வண்டிகள் இடதிலிருந்து வரும். கவலை வேண்டாம். ஒட்டிக் கொடுத்துவிட்டு நான் ஜன்னலில்தான் நிற்பேன். வழியில் ஏதாவது ஆகிவிட்டால், நடந்தது என்ன என்று சரியாகப் பார்த்த ஆள் ஒருவராவது வேண்டும் அல்லவா.